வாட மறுத்த ஆடாதோடை

நாள் 212, 07:10
பசுமைக்கூடம்: வெப்பம் 24, ஈரம் 60. கீரை இரண்டு கிலோ பறித்தேன்.
செவ்வாய்த் தளத்தில் இரண்டு பேர்தான் மிச்சம். தாவர வேதியியல் பார்க்கும் நான், செண்பகவல்லி. எந்திரம் பார்க்கும் அருளப்பன்; என்னை அக்கா என்றுதான் கூப்பிடுவான். மற்ற இருவரையும் காசநோய் கொண்டுபோய்விட்டது. இப்போது அருளுக்கும் அதே. எந்த மாத்திரைக்கும் கிருமி மசியவில்லை. பசுமைக்கூடத்தை ஒட்டிய விதை அறையில் அவனைத் தனியாக வைத்திருக்கிறேன். காலையில் பத்து நிமிடம் கூடத்தில் நடப்பான். அப்போது நான் உள்ளே போவதில்லை.

நாள் 214, 11:30
பூமியிலிருந்து: "மருந்துக் கலம் புறப்பட்டது. வந்து சேர நூற்றுப்பத்து நாள். தைரியமாக இருங்கள்."
தைரியமாம். அவன் எடை நாற்பத்தொன்று. நாற்பது நாள் தாண்டமாட்டான்.

நாள் 217, 15:20
கிடைத்துவிட்டது. ஆறு வாரமாக இலைச்சாறு கலந்த தட்டுகளில் கிருமியை வளர்த்துப் பார்த்தேன். முப்பது தட்டில் இருபத்தொன்பதில் ஜோராக வளர்ந்திருக்கிறது. ஒன்றில் மட்டும் சுத்தமாக இல்லை. அது, சொட்டுக்குழாய் அடைத்து இருபது நாள் தண்ணீரில்லாமல் செத்துப்போன ஆடாதோடையின் இலை. தவிப்பில்தான் செடி அந்தப் பொருளைச் சுரக்கிறது. ஊற்றி ஊற்றி வளர்த்ததில் ஒன்றுமில்லை.
அந்த இலை சோதனைக்கே தீர்ந்தது. ஆடாதோடை இன்னும் பன்னிரண்டு செடி இருக்கிறது. இருபது நாளுக்குக் குழாயை மூடிவிட்டேன்.
அருளிடம் சொல்லவில்லை. இரண்டு தடவை ஆசை காட்டி ஏமாற்றியாயிற்று. மூன்றாவது தடவை அவன் முகத்தைப் பார்க்க எனக்குத் தெம்பில்லை.

நாள் 226, 09:00
இலைகள் தொங்குகின்றன. பார்க்கச் சகிக்கவில்லை. நான் கோவில்பட்டிக்காரி, வாடின செடியைக் கண்டால் கை தானாகச் செம்பைத் தேடும். கையைக் கட்டிக்கொண்டு நிற்கிறேன். அருள் இரத்தமாக இருமினான்.

நாள் 237, 08:15
ஒன்பது நாள் காற்று வடிகட்டியோடு மாரடித்துவிட்டு இன்றுதான் கூடத்துக்குள் போனேன். இலைகள் நிமிர்ந்து பளபளவென்று நிற்கின்றன. செடிக்கு ஓர் இலை கிள்ளிக்கொண்டு, அந்தப் பொருளை அளக்கும் கருவிக்கு ஓடினேன்.

10:40
கருவியில் பூஜ்யம். பன்னிரண்டிலும். குழாயில் ஒரு சொட்டு இல்லை. எவன் ஊற்றினான் என்று கத்தினேன். இங்கே வேறு யார் இருக்கா?

11:05
இன்டர்காமில் அருள்: "யக்கா, ஏசாதீங்க. நாந்தான். நீங்க தூங்காம கெடந்து அலையுதீங்க, மறந்துட்டீங்கன்னு நெனச்சேன். எனக்குக் குடிக்கத் தந்ததுல பாதிய தெனமும் ஊத்துனேன். நமக்குன்னு இருக்க மருந்துச்செடில்லா, காய விடலாமா?"
தாகத்தோடு கிடந்து ஊற்றியிருக்கிறான். சொல்லாமல் விட்ட பாவி நான். "நல்ல காரியம் செஞ்சப்பா" என்றேன். இனி கூடத்தில் நடக்க வேண்டாம், உடம்பு தாங்காது என்று சொல்லி வைத்தேன்.

நாள் 245, 16:00
செடி எட்டு நாளாகக் காய்கிறது. அருள் கருவிப்பெட்டி கேட்டான். அறைக்குள் போகும் தண்ணீர்க்குழாயை ஏதோ செய்கிறான். பொழுது போகட்டும் என்று விட்டுவிட்டேன்.

நாள் 248, 06:50
அருள் போய்விட்டான். முப்பத்துநாலு கிலோ.

நாள் 250, 13:00
மூன்று வாரமாக இருக்கும் காய்ச்சலை இங்கே எழுதவில்லை. இன்று கைக்குட்டையில் சிவப்பு. இன்னும் ஏழு நாள். இலை எனக்கு வேண்டும். எனக்குப் பிழைக்க ஆசையாக இருக்கிறது.

நாள் 255, 07:00
படுக்கையிலிருந்து எழ முடியல. ஒலிபெருக்கியில் திடீரென்று அருள் குரல்.
"யக்கா, ஒரு வாரம் நான் பட்டன அமுக்கலன்னா இது பேசும். நீங்க ஒத்தையில எல்லாத்தையும் பாக்க முடியாது. எங்கொழாயச் செடிப்பக்கம் திருப்பி விட்டிருக்கேன். இனிமே யாரும் ஊத்த வேண்டாம். நல்ல காரியம்னு சொன்னீங்கள்லா, அதான்."
பேச்சு நின்னதும் சுவருக்குள்ள தண்ணீர் ஓடுற சத்தம்.

நாள் 256, 17:20
தவழ்ந்து போய்ச் சேர்ந்தேன். பன்னிரண்டும் பச்சை. அவன் முடுக்கின திருகை என் கையால அசைக்க முடியல. கெட்டிக்காரன்டா நீ. பொய் சொல்லாம அன்னிக்கே உன்ன ஏசியிருக்கணும்.

நாள் 25
வர்றவங்களுக்கு. செடி செழிப்பா இருக்கும். அது மருந்து இல்ல. குழாய அறுங்க. இருபது நாள். வாடும். பாவம் பாக்காதீங்க. ஊத்தா