காலி சிலிண்டரோடு அனுப்பிய ஆரஞ்சுப் பழங்கள் குறித்து

அனுப்புநர்:
அ. இசைவாணி, பி.இ.,
பி பிளாக், இரண்டாம் மாடி,
பசுமைச்சாரல் அடுக்ககம்,
வடக்குப்பட்டு, ஒரகடம் அருகில்.

பெறுநர்:
மாவட்டப் பதிவாளர் அவர்கள்,
சங்கங்கள் பதிவுப் பிரிவு,
காஞ்சிபுரம்.

பொருள்: எதிர்வீட்டுக் கொரியக் குடும்பம் நம் பழக்கத்தைப் பின்பற்றவில்லை என்று ஒரு நோட்டீசும், பின்பற்றியதற்காகக் காலி செய்யச் சொல்லி இன்னொரு நோட்டீசும் கொடுத்த குடியிருப்போர் சங்கத்தின் மீது நடவடிக்கை கோருதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

இந்நேரத்தில் எழுதுவதற்கு மன்னிக்கவும். ஈமெயிலில் அனுப்புவதால் நேரம் தங்களுக்குத் தெரிந்துவிடும். என் மகன் ஆரோனுக்கு இரண்டரை வயது. அவன் தூங்கிய பிறகுதான் எனக்குக் கை ஓய்கிறது. கணவர் நைட் ஷிப்ட்.

1. எதிர்வீட்டில் இருப்பவர்கள் திருமதி மின்ஜங், கார் உதிரிபாகக் கம்பெனியில் வேலை பார்க்கும் அவர் கணவர், மூன்று வயது மகள் சோரா. ஆரோனுக்கு எடை போதவில்லை என்று டாக்டர் இரண்டு முறை சொல்லிவிட்டார். அவன் என் கையால் ஒரு வாய் வாங்குவதில்லை. சோரா பக்கத்தில் உட்கார்ந்தால் மட்டும் ரசஞ்சாதத்தைத் தட்டோடு முடிக்கிறான். ஆகவே இம்மனுவில் எனக்குச் சொந்த நலனும் உண்டு என்பதை மறைக்க விரும்பவில்லை.

2. தீபாவளிக்குச் சங்கச் செயலாளர் திரு. தாண்டவராயன் வீட்டிலிருந்து அவர்களுக்கு ஒரு தூக்கில் அதிரசம் போனது. மின்ஜங் தூக்கைப் பளபளவென்று தேய்த்து, இரு கையாலும் நீட்டி, குனிந்து வணங்கித் திருப்பித் தந்தார். உள்ளே ஒன்றும் இல்லை. செயலாளரின் மனைவி திருமதி கோமதியம்மாள் படிக்கட்டிலேயே திறந்து பார்த்து, "நல்ல நாளும் அதுவுமா வெறுந்தூக்க நீட்டறா பாரு" என்று நான்கு மாடிக்கும் கேட்கச் சொன்னார்கள். அடுத்த வாரமே முதல் நோட்டீஸ்: அந்நிய நாட்டினர் இந்நாட்டுப் பண்பாட்டின்படி நடக்க வேண்டுமாம்.

3. அந்த நோட்டீசை எடுத்துக்கொண்டு மின்ஜங் என்னிடம் வந்தார். போனில் மொழிபெயர்ப்பை வைத்துக்கொண்டு விளக்கினேன். இங்கே எதையும் காலியாகத் திருப்பித் தரக் கூடாது, ஒரு பழமாவது வைக்க வேண்டும் என்றேன். எதையுமேவா என்று கேட்டார். எதையுமே என்றேன். இதில் தவறு இருந்தால் தெரிவிக்கவும்.

4. மறுநாள் தண்ணீர் கேன் போடும் ரகு வந்தபோது காலி கேனின் கழுத்தில் ஒரு சீப்பு வாழைப்பழம் தொங்கியது. அயர்ன்காரர் துணி கட்டி அனுப்பிய வேட்டி திரும்பிப் போனபோது அதற்குள் முறுக்கு பாக்கெட். குப்பைக் கூடை கழுவப்பட்டு, உள்ளே பிஸ்கட். காலி கேஸ் சிலிண்டரின் மேல் வலைப்பையில் ஆரஞ்சு. சிலிண்டர்க்காரர் ஏதோ வேண்டுதல் என்று நினைத்து, தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டுதான் தூக்கினார்.

5. இதனால் கேன் வண்டி இப்போது முதலில் மின்ஜங் வீட்டுக்கே வருகிறது. மற்றவர்களுக்கு மதியம்தான் தண்ணீர். ஏன் என்று செயலாளர் அதட்டியதற்கு ரகு, "அந்த வூட்ல பழம் குடுக்கறாங்கோ சார். உங்க வூட்ல கேன் நசுங்கிகீதுன்னு சண்ட தான் குடுக்கறீங்கோ" என்றார். அன்று மாலையே இரண்டாம் நோட்டீஸ். "மிகையான நடத்தையால் குடியிருப்பின் ஒழுங்கைக் கெடுத்ததால்" முப்பதாம் தேதிக்குள் காலி செய்ய வேண்டும். வீட்டு ஓனர் துபாயில் இருக்கிறார். சங்கத்தைப் பகைத்துக்கொள்ள அவருக்கு மனமில்லை.

6. செயலாளரிடம் நேரில் கேட்கப் போனேன். "எங்கள மாதிரி நடந்துக்கோன்னு தாம்மா சொன்னோம். எங்கள விட நல்லா நடந்துக்கோன்னு யாரு சொன்னது? நீயே தூத்துக்குடி பக்கம். பாத்து இருந்துக்கோ" என்றார். அவர் ஊர் நெய்வேலி. எங்கள் அடுக்ககத்தில் வடக்குப்பட்டில் பிறந்தவர் ஒருவரும் கிடையாது. சி பிளாக்கில் போன மாதம் பிறந்த குழந்தையைச் சொல்லலாமென்றால், அதுவும் பிறந்தது காஞ்சிபுரம் ஆஸ்பத்திரியில்.

7. வந்த இடத்துக்குத் தகுந்தபடி நடக்க வேண்டும் என்பதில் எனக்கும் மறுப்பில்லை. இரவில் சத்தம் போடாதே, லிப்டில் துப்பாதே என்று யாருக்கும் சொல்லலாம். (துப்புகிறவர் கொரியர் அல்லர்.) ஆனால் தூக்கில் பழம் வைப்பது பிரியத்தில் செய்வது. அதை நோட்டீஸ் ஒட்டி வாங்கினால் அது சிலிண்டர் வரைக்கும்தான் போகும்.

8. இன்று எதிர்வீட்டுக்கு அட்டைப்பெட்டிகள் வந்து இறங்கின. சோரா ஒரு பெட்டிக்குள் உட்கார்ந்துகொண்டு ஆரோனையும் கூப்பிட்டாள். அவன் போகவில்லை, கதவைப் பிடித்துக்கொண்டு நின்றான். ராத்திரி சாப்பாட்டுக்கு வாயே திறக்கவில்லை. இதையெல்லாம் மனுவில் எழுதலாமா என்று தெரியவில்லை, எழுதிவிட்டேன்.

ஆகவே, குடியிருப்பவரைக் காலி செய்யச் சொல்லும் அதிகாரம் சங்கத்துக்கு உண்டா என்று விசாரித்து, இரண்டாம் நோட்டீசை நிறுத்தி வைக்கவும், ஒருவர் எவ்வளவு ஒத்துப்போனால் போதும் என்ற அளவைச் சங்கத்திடம் எழுத்தில் கேட்டு வாங்கி, அதே அளவைச் செயலாளர் வீடு உட்பட எல்லா வீட்டுக்கும் பொருத்தவும் உத்தரவிடுமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

முப்பதுக்கு அதிக நாள் இல்லை ஐயா. தயவுசெய்து சீக்கிரம் பதில் போடுங்கள்.

இடம்: வடக்குப்பட்டு
நாள்: 18.11.2025

இப்படிக்கு,
அ. இசைவாணி