வாப்பாவின் ஹஜ் பணமும் மத்திய வங்கியின் கடமையும்

பாசமுள்ள வாப்பாவுக்கு, அல்லாஹ் உங்கள் கப்றை, அந்த மண்ணறையை, விசாலமாக்கட்டும்.

நேற்று கண்டியில் பொருளியல் ஆசிரியர்களுக்கு ஒரு கருத்தரங்கு. மத்திய வங்கியின் வரலாறு என்று தலைப்பு. பிலிமத்தலாவையிலிருந்து பஸ்ஸில் நின்றுகொண்டே போனேன். போகாமலே இருந்திருக்கலாம்.

வெள்ளைக்காரன் காலத்து நோட்டிலிருந்து தொடங்கி, ஆளுநர்களின் படங்கள் வரிசையாகத் திரையில் வந்தன. அரசாங்கத்துக்குக் காசு போதாதபோதெல்லாம் அச்சடித்துக் கொடுத்ததைப் பேச வந்தவர் 'நிதி வழங்கல்' என்றார். டொலருக்கு எதிராக ரூபாயைப் பிடித்து வைத்திருந்து ஒரேயடியாகக் கைவிட்ட ஆண்டை 'சவாலான காலம்' என்றார். அவ்வளவுதான், அடுத்த படத்துக்குப் போய்விட்டார்.

யாருக்கு வாப்பா சவால்? அந்த ஆண்டு உங்கள் கையில் இருந்தது, பித்தளைக் கடையில் காலமெல்லாம் உட்கார்ந்து நீங்கள் சேர்த்த ஹஜ் பணம். வங்கியில் போட்டால் வட்டி கலந்துவிடும் என்று பயந்து அலுமாரியிலேயே வைத்திருந்தீர்கள்.

"மகள், ரூபா எறங்கும் எண்டு கடைத்தெருவுல பேசிக்கொள்றாங்க. தங்கமா மாத்தி வெக்கவா?" என்று ஒரு நாள் கேட்டீர்கள்.

"தேவல்ல வாப்பா. ரூபாட பெறுமதியக் காக்கத்தான் மத்திய வங்கி ஈக்குது. நான் புள்ளையளுக்கு அதத்தானே படிச்சுக் குடுக்கிறேன்" என்றேன்.

நீங்கள் அலுமாரியைப் பூட்டிவிட்டீர்கள். சில வாரங்களில் ரூபாய் சரிந்து, அந்தப் பணம் பயணச் செலவில் பாதிக்குக்கூடக் காணாது என்றாகிவிட்டது. அடுத்த வருடம் ஹஜ் செய்யாமலே மௌத்தாகிவிட்டீர்கள். ஒரு நாளாவது என்னை ஏசியிருக்கக் கூடாதா?

நேற்று கையை உயர்த்தினேன். "சேர், பெறுமதியக் காக்கிறதுதான் கடமை எண்டா, காக்காததுக்கு யாராவது மன்னிப்புக் கேட்டாங்களா?"

"டீச்சர், அது பாடத்திட்டத்துக்குள்ள வராது" என்று சிரித்தார். மண்டபமும் சேர்ந்து சிரித்தது. பிறகு எல்லோரும் கட்லட் சாப்பிடப் போனார்கள். நான் தேநீர்கூடக் குடிக்காமல் பஸ் ஏறினேன்.

அவர்களைச் சொல்லி என்ன? இன்று காலை வகுப்பில் நானும் கடமை பற்றிய அதே வரியைக் கரும்பலகையில் எழுதினேன். பிள்ளைகள் பார்த்தெழுதினார்கள். என் கையைப் பார்க்கவே எனக்கு அருவருப்பாக இருந்தது.

உங்கள் தம்பி, எங்கள் சாச்சா, ஏற்கெனவே ஹஜ் செய்தவர். உங்களுக்குப் பகரமாக, உங்கள் பெயரில், இன்னொரு முறை போகச் சம்மதித்திருக்கிறார். என் சம்பளத்தில் சேர்த்து அவரை அனுப்பி வைப்பேன், இன்ஷா அல்லாஹ். எத்தனை வருடமானாலும் அனுப்புவேன்.

அவர்களிடமிருந்து மன்னிப்பு வராது வாப்பா. உங்கள் முன்னால் நின்று ரூபாயை நம்பச் சொன்னது வங்கி இல்லை, நான். என்னை மன்னித்துவிடுங்கள்.

நீங்கள் நம்பிய மகள்