பின் காபுரேற்றரின் இரண்டு நட்டுகள்

1974 நவம்பர் 4, திங்கள்

விடிய முதலே மழை. துறைமுகத்தில் பெரிய கப்பல் ஒன்றுமில்லை. டொக்யார்ட் வேர்க்சொப்பில் நாள் முழுக்கத் தேத்தண்ணியும் அரசியலும்தான்.

பின்னேரம் காரின் பொனற்றைத் திறந்தேன். ஓடும்போது ஒரு பிழையும் இல்லை. காரை நிறுத்தி எஞ்சினை மட்டும் ஐட்லிங்கில் ஓடவிட்டால்தான் கூத்து. ஏறும், இறங்கும், இருமும், நிற்கும். சனிக்கிழமை சந்தைக்குப் பக்கத்தில் நின்றுபோனது. பின்னால் வந்த மாட்டுவண்டிக்காரர் இறங்கி வந்து, "ஐயா, மாட்டை அவிட்டுக் காரில கட்டட்டோ?" என்று கேட்டார். சனம் சிரித்தது. நானும் சிரித்தேன். வீட்டுக்கு வந்த பிறகு சிரிப்பு வரவில்லை.

ஞாயிற்றுக்கிழமை மாப்பிள்ளை வீட்டார் வருகிறார்கள். காரை ஓட்டிப் பார்க்க. பெண்ணைப் போன மாதமே பார்த்தாயிற்று.

ஜெசிந்தா எங்களுக்கு ஒரே பிள்ளை. இருபத்தாறு முடிகிறது. இது மச்சான் சூசை பேசி வந்த சம்பந்தம். மாப்பிள்ளைக்குக் கொழும்பில் கப்பல் கொம்பனி ஒன்றில் வேலை. வீடு வேண்டாமாம், நகை நாங்கள் விரும்பினதைப் போடலாமாம், இந்தக் கார் மட்டும் போதுமாம். இங்கே பெண்ணுக்கு வீடு எழுதாமல் எந்தக் கலியாணம் நடந்திருக்கிறது? நானும் மனுசியும் சாகும்வரை சொந்த வீட்டிலேயே படுக்கலாம். எனக்கு அது இனிப்பாகத்தான் இருக்கிறது. இல்லை என்று எழுதினால் பொய்.

பிளக் நாலும் கழற்றிக் கரி துடைத்துப் பூட்டினேன். மாற்றமில்லை. நாளை, பொறி தட்டும் பொயின்றைப் பார்க்கவேண்டும்.

நவம்பர் 5, செவ்வாய்

காலையில் ஸ்ராட்டே ஆகவில்லை. நேற்றுவரை இருமின எஞ்சின் இன்று ஊமை.

பொறியைப் பிளக்குகளுக்குப் பிரிக்கும் டிஸ்ரிபியூற்றரின் மூடியைக் கழற்றினேன். உள்ளே தண்ணீர். கூரை ஒழுக்கு என்று ஏணி வைத்து ஏறி ஓடெல்லாம் பார்த்தாயிற்று. ஒழுக்கு இல்லை. பிறகுதான் மனுசி பிலோமினாவின் முகத்தைப் பார்த்தேன்.

"நீர் ஏதும் செய்தனீரோ?"

"ஞாயிறு பூசையில வாங்கின தீர்த்தம் கிடந்தது. கொஞ்சம் தெளிச்சனான்."

"பொனற்றைத் திறந்தோ?"

"மேல தெளிச்சால் உள்ளுக்குப் போகுமே? மந்திரிச்ச தண்ணி, அது ஒண்டும் செய்யாது."

மனுசியோடு வாதாட ஏலாது. துடைத்து, வெயில் இல்லாததால் அடுப்புக்கரையில் காயவைத்துப் பூட்டினேன். ஸ்ராட் ஆகியது. பழையபடி ஏறி இறங்கி நின்றது. பொயின்ற் இடைவெளியும் சரி செய்தேன். பலனில்லை.

நவம்பர் 6, புதன்

மழை. கோதுமை மாத் தட்டுப்பாடு; பாண் வரிசையில் பிலோமினா காலை முழுக்க நின்று கிடைத்தது ஒரு றாத்தல். கோட்டைப் பக்கத்து மான் ஒன்று வந்து செவ்வரத்தையைக் கட்டையோடு தின்றுவிட்டது. கால் ஆணி நோகிறது.

இதுவரை பார்த்தது: பிளக், பொயின்ற், கொயில் வயர், பெற்றோலில் தண்ணீர் (இல்லை). மிச்சம், பெற்றோலையும் காற்றையும் கலக்கும் காபுரேற்றர். இந்தக் காருக்கு முன் ஒன்று, பின் ஒன்று. இரண்டும் ஒரே அளவு காற்று இழுக்கவேண்டும். றப்பர்க் குழாயின் ஒரு நுனியைக் காபுரேற்றரின் வாயில் பிடித்து, மற்றதைக் காதில் வைத்து, இரைச்சலைக் கேட்டுக் கேட்டுத் திருகவேண்டும். எனக்கு ஒரு காது வேர்க்சொப் இரைச்சலோடு போய்விட்டது. இது எப்போதும் ஜெசியின் வேலை. கந்தோர் வேலை முடிந்து வந்ததும் கூப்பிட்டேன்.

"தலையிடி அப்பா."

முன்பெல்லாம் காய்ச்சலோடும் வந்து நிற்பாள். தட்டெழுத்து வேலை, மழைநாள், தலையிடிக்கும் என்று விட்டேன்.

அவர்கள் பெண் பார்க்க வந்த நாள் ஏனோ ஞாபகத்துக்கு வந்துகொண்டே இருக்கிறது. பலகாரத் தட்டை ஜெசி இடக்கையால் நீட்டினாள். அவளுக்குப் பிறவியிலேயே இடக்கை. மாப்பிள்ளையின் தாய் தட்டை வாங்காமல், "இடக்கையோ பிள்ளை? கலியாணத்துக்கு முதல் மாத்திப் பழகோணும்" என்றா. ஜெசி தட்டைக் கை மாற்றிக் கொடுத்தாள். பிறகு சூசை எல்லார் முன்னாலும், "என்ன பிள்ளை, சம்மதம்தானே?" என்றான். "ஓம்" என்றாள். பிலோமினா சந்தோசத்தில் அழுதா. நானும் ஒரு பாரம் இறங்கினது போல மூச்சு விட்டேன்.

நவம்பர் 7, வியாழன்

பிடித்துவிட்டேன்!

எஞ்சினை ஓடவிட்டு, எண்ணெய்க்கானால் ஒவ்வொரு பூட்டிலும் சொட்டுச் சொட்டாக விட்டேன். எங்கே சத்தம் மாறுகிறதோ அங்கேதான் கள்ளக்காற்று நுழைகிறது. பின் காபுரேற்றரின் அடியில் விட்டதும் எஞ்சின் சட்டென்று அடங்கி நல்ல பிள்ளையானது. அங்கே உள்ள இரண்டு நட்டும் விரலால் திருகக்கூடிய இளக்கம். இடையில் வைத்து இறுக்கும் கஸ்கெற் மட்டையும் கிழிந்திருந்தது. இத்தனை வருசம் இறுகிக் கிடந்த நட்டு. குலுக்கத்தில் இளகியிருக்கும்.

கஸ்கெற்றுக்கு எங்கே போவது? இறக்குமதி இல்லை, கடைக்காரன் கேள்வியைக் கேட்டே சிரிக்கிறான். ஜெசிக்குக் கலியாணத்துக்கு வாங்கின சப்பாத்தின் பெட்டி மட்டையில் வெட்டினேன். பிலோமினா கத்தினா. கிறீஸ் பூசிப் பூட்டி இறுக்கினேன்.

நிலாவெளி ரோட்டில் சாம்பல்தீவுப் பாலம்வரை போய் வந்தேன். மழை விட்டிருந்தது. கூரைத்துணியை மடித்துவிட்டேன், ஐம்பத்தைந்து வயதில் என்ன வெட்கம். பாலத்தடியில் நிறுத்தி ஐட்லிங்கில் விட்டால் தையல் மெசின் போல ஒரே சீராக ஓடியது. வெள்ளைக்காரக் கடற்படை போகும்போது ஒபிசர் ஒருவர் இதை எனக்குத் தந்து பதினேழு வருசம். இது போய்விடும் என்ற நினைப்பு அங்கேதான் முதல்முதலாகச் சுட்டது.

வந்து ஸ்பானர், சுத்தியல், மற்ற ஆயுதங்களைப் பலகையில் மாட்டினேன். ஒவ்வொன்றுக்கும் வெள்ளைப் பெயின்றில் அதனதன் உருவம் கீறி வைத்திருக்கிறேன், ஒன்று குறைந்தால் வாசலிலிருந்தே தெரியும். டொக்யார்ட் பழக்கம்.

சாப்பிடும்போது சொன்னேன், கார் சரி என்று. பிலோமினா கும்பிட்டா. ஜெசி பாதிச் சோற்றில் எழும்பிவிட்டாள். "காணும் அம்மா, பசியில்லை."

நவம்பர் 8, வெள்ளி

வேலையால் வந்து ஒரு ஆசைக்கு ஸ்ராட் பண்ணினேன். ஏறியது, இறங்கியது, நின்றது.

 அதே இடம், அதே இரண்டு நட்டு, அதே இளக்கம். சப்பாத்து மட்டை சுருங்கியிருக்கவேண்டும். இல்லை, என் கை தளர்ந்துபோனதோ? இந்த வயதில் ஒரு நட்டு இறுக்கத் தெரியாமல் போனால் நான் எதற்கு? பழைய சைக்கிளில் ஸ்பிரிங் வாசர் இரண்டு கழற்றிப் போட்டு இறுக்கினேன். இனி குலுக்கத்துக்கு அசையாது.

சூசை கட்டைபறிச்சானிலிருந்து லோஞ்சில் வந்து இறங்கினான். கடல் குழம்பி, வழியெல்லாம் சத்தி எடுத்தானாம். தயிர்ச்சட்டி மட்டும் உடையாமல் வந்தது.

"அத்தான், கார் சரிதானே? மாப்பிள்ளை வீட்டார் கேட்டது அது ஒண்டைத்தான். நான் வாக்குக் குடுத்திட்டன்."

"சரி" என்றேன்.

நவம்பர் 9, சனி

காலை. இளகியிருக்கிறது.

ஸ்பிரிங் வாசர் போட்ட நட்டு, நின்ற இடத்தில் நின்ற காரில், ஒரு இரவில் தானாக இளகாது. ஆரோ கழற்றியிருக்கிறார்கள்.

முதலில் பக்கத்து வீட்டுக்காரனை நினைத்தேன், பொறாமையில் என்று. பிறகு சூசையை. அவனுக்கு ஸ்பானரின் தலை எது வால் எது என்று தெரியாது.  ஸ்பானரை எடுக்கப் பலகைக்குப் போனேன்.

அரை இஞ்ச் ஸ்பானர் பலகையில் இருந்தது. ஆனால் கீறின உருவத்துக்கு எதிராக, மறுபக்கம் பார்த்து.

இடக்கைக்காரர் மாட்டினால் அப்படித்தான் தொங்கும். பத்து வயதிலிருந்து அவளை அதற்கு ஏசியிருக்கிறேன். "பிள்ளை, திருப்பி மாட்டிப்போட்டாய்." திரும்ப நட்டைப் பார்த்தேன். ஒரு கீறல் இல்லை, மூலை மழுங்கவில்லை, இரண்டும் ஒரே அளவு இளக்கம். பழுதாக்குவதையும் இவ்வளவு வடிவாகச் செய்ய ஒரு ஆளுக்குத்தான் பழக்கியிருக்கிறேன்.

பழைய ரயரில் இருந்துவிட்டேன். மறந்து மாட்டினாளோ, நான் காணட்டும் என்று மாட்டினாளோ, தெரியவில்லை.

மத்தியானம் கந்தோர் விட்டு வந்தாள். கூப்பிட்டேன். பலகையைக் காட்டினேன். ஒளிக்கவில்லை.

"ஏன் பிள்ளை?"

"கார் பழுது எண்டால் அவை தாங்களாய் விட்டிட்டுப் போயிடுவினம் எண்டு நினைச்சன்."

"நீ ஓம் எண்டு சொன்னனிதானே?"

"எல்லாரையும் வைச்சுக்கொண்டு கேட்டால் நான் வேறென்ன சொல்லுறது? அம்மா அழுதுகொண்டு நிண்டவ. தனிய ஒருத்தரும் கேக்கேல்லை. நீங்களும் கேக்கேல்லை அப்பா."

எண்ணெய்த் துணியில் கையைத் துடைத்தேன்.

"அந்தாள் என்னோட கதைச்ச ஒரே கதை என்ன தெரியுமோ? ஒரு கலனுக்கு எத்தினை மைல் ஓடும் எண்டு."

சிரிப்பு வரவேண்டிய கதை.  அப்போதே "சரி, விடு" என்று சொல்லியிருக்கலாம். சூசையின் வாக்கு, பிலோமினா தைக்கக் கொடுத்த சட்டை, இந்த வீடு, எல்லாம் ஒன்றாக வந்து வாயில் நின்றன. வாயிலிருந்து வந்தது இதுதான்: "வயசு இருபத்தாறு பிள்ளை."

 அவள் தானே போய் ஸ்பானரை எடுத்து என் கையில் வைத்தாள்.

"இறுக்குங்கோ."

இறுக்கினேன். வெட்கம் கெட்டவன், இறுக்கினேன். அதோடு விடவில்லை அவள். எஞ்சினை ஓடவிட்டு றப்பர்க் குழாயைக் காதில் வைத்துக்கொண்டாள். "பின்னுக்குக் கொஞ்சம் கூட. இன்னும் கொஞ்சம். காணும்." பதினேழு வருசத்தில் இந்தக் கார் இவ்வளவு நன்றாக ஓடினதில்லை.

போகும்போது ஸ்பானரை மாட்டினாள். கீறின உருவத்துக்குச் சரியாக, வலப்பக்கம் பார்க்க. அதைப் பார்க்க என்னால் ஏலவில்லை.

நவம்பர் 10, ஞாயிறு

வீடு செத்தவீடு போல இருக்கிறது. பிலோமினா குசினிக் கதவைச் சாத்திக்கொண்டா, சட்டி பானைச் சத்தம் மட்டும் வருகிறது. சூசை சாப்பிடாமல் லோஞ்சுக்குப் போய்விட்டான். இனி இந்தப் படி மிதிக்கமாட்டானாம். தயிரில் யாரும் கை வைக்கவில்லை. மழை இல்லை.

நடந்தது இதுதான். பூசை முடிய வந்தார்கள். மாப்பிள்ளை, தாய், ஒரு பெரியப்பா. சோடா குடித்தார்கள். மாப்பிள்ளை காரை உட்துறைமுக வீதியால் ஒரு சுற்றுக் கொண்டுபோய் வந்து, முற்றத்தில் நிறுத்தி, ஐட்லிங்கில் விட்டு, பாதிச் சோடாக் கிளாசை மட்காட்டில் வைத்தார். கிளாசில் தளம்பலே இல்லை. எல்லாரும் அந்தக் கிளாசைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

"நல்ல கார். கலியாணத்துக்கு நாள் வைப்பம்" என்று தாய் சொன்னா. சூசை பல்லெல்லாம் தெரியச் சிரித்தான்.

நான் மாப்பிள்ளையைக் கேட்டேன், "தம்பி, பிள்ளையோட ஏதும் கதைக்க விருப்பமில்லையோ?"

"அது பிறகு கதைக்கலாம்தானே மாமா. இந்தக் கூரைத்துணி கொழும்பில எடுக்கேலுமோ?"

கெட்ட பொடியன் என்று சொல்லமாட்டேன். கைக்கு வந்த புதிதில் எனக்கும் இந்தக் காரைத் தவிர வேறொன்றும் கண்ணில் பட்டதில்லை.

அப்போது ஜெசி தேத்தண்ணித் தட்டோடு வாசலில் வந்து நின்றாள். தட்டு வலக்கையில். பழக்கமில்லாத கை நடுங்கி, கோப்பைகள் ஒன்றோடொன்று கிலுங்கிக்கொண்டிருந்தன. எஞ்சின் இரைச்சலுக்கு மேலால் அந்தக் கிலுக்கம் எனக்கு, அரைச் செவிடனுக்கு, கேட்டது.

காருக்குள் கையை விட்டுச் சாவியைத் திருப்பினேன். எஞ்சின் நின்றது.

"பிள்ளைக்கு இதில விருப்பமில்லை" என்றேன். "நேற்று எனக்குச் சொன்னவ. உங்களுக்குச் சொல்ல நேற்று எனக்குத் துணிவு வரேல்லை. பிழை என்ரை. மன்னிக்கவேணும்."

 எல்லாருக்கும் கேட்டிருக்கும். "அத்தான்!" என்றான் சூசை. தாய் ஜெசியைப் பார்த்து, "அண்டைக்கு ஓம் எண்டனீரே பிள்ளை?" என்று கேட்டா.

ஜெசி தட்டை இடக்கைக்கு மாற்றினாள். நேரே அந்த அம்மாவிடம் போய் நீட்டினாள்.

"தேத்தண்ணி ஆறுது. குடிச்சிட்டுப் போங்கோ" என்றாள்.

கோப்பை ஒன்றும் கிலுங்கவில்லை.