அம்மாவுக்கு ஒரு குளியலறை

14 அக்டோபர், செவ்வாய்

இடுப்பு முறிந்த அம்மாவுக்காக எங்கள் லயத்து வீட்டுக்குப் பின்னால் சின்னக் குளியலறை ஒன்று கட்ட அனுமதி கேட்டு இன்றும் அலைந்தேன். பிரதேச சபையில் இருந்தவர் விண்ணப்பத் தாளைத் திறந்துகூடப் பார்க்கவில்லை. “காணி தோட்டத்துதுதானே? மேனேஜர் தொர கடிதம் வேணும்” என்றார். தேயிலைத் தோட்டத்து ஆபீசுக்கு வந்தால் பெரிய கிளாக்கர், “மொதல்ல சபை அனுமதி கொண்டு வாங்க, அப்புறந்தான் தொர கடிதம் குடுப்பாரு” என்கிறார். இதைச் சொல்லத்தான் இவர்களுக்கெல்லாம் மேசையும் மின்விசிறியும்.

நான் திரும்பும்போது கிளாக்கர் கூப்பிட்டார். “மேஸ்திரி, தொர பங்களாவுல அந்தப் புது பாத்ரூம் எப்ப முடியும்? சனிக்கிழம வெள்ளக்காரங்க வர்றாங்க.”

“அதுக்கு அனுமதி எடுத்தாச்சுங்களா?”

“பங்களாவுக்கு எதுக்குய்யா அனுமதி?” என்று சிரித்தார். பல்லெல்லாம் வெற்றிலைக் கறை. அந்த வாயைப் பார்க்கவே அருவருப்பாக இருந்தது. ஆனாலும், “நாளைக்கு முடிச்சிருவேங்க” என்றுதான் சொல்லிவிட்டு வந்தேன். அவரைவிட என்னைத்தான் காறித் துப்ப வேண்டும்.

பண்டாரவளையிலிருந்து வந்த வெள்ளைக் கமோட்டை நாளைக்கு நான்தான் பொருத்த வேண்டும்.

அம்மா கூப்பிடுகிறாள். வெளியே மழை. பொதுக் கக்கூசுக்கு நாற்பது படி. தூக்கிக்கொண்டுதான் இறங்க வேண்டும்.