சுரேஸ் ரீலோட் அனுப்பிய மெசேஜ்

நமுனுகுல,
புதன், 16.07.2025

அடியே தர்மி,

நலமா என்று கேட்க நேரமில்லை. என் போன் போன இடம் அண்ணன் சட்டைப் பை. எல்ல ஊரில் ஹோட்டல் வேலையிலிருந்து லீவில் வந்த கிருஷ்ணராஜ் அண்ணன், நம் கதைக்காக, நிஜ மெசேஜ் மாதிரியே நான் செய்த படத்தைப் பார்த்துவிட்டார். டீவி நாடகத்துப் பூவிழியையும் இளந்திரையனையும் வைத்து நாம் எழுதுகிறோமே, அந்தக் கதைதான்.

வீட்டுக்குத் தெரியாமல் காதலிக்கிற பிள்ளைகள் எல்லோரும் செய்வதுபோல, பூவிழியும் அவனைப் போனில் பொய்ப் பெயரில்தானே பதிந்து வைப்பாள்? ‘சுரேஸ் ரீலோட்’ என்று போட்டுவிட்டேன். எங்கள் சந்திக் கடையில் நிஜமாகவே போனுக்குக் காசு ரீலோட் போடும் சுரேஸ் அண்ணன் இருக்கிறார். ‘சாப்டியா’, ‘ம்’, ‘டாங்கியடிக்கு வா, அங்கதான் சிக்னல்’. அதுவும் எங்கள் தேயிலைத் தோட்டத்து லயத்துத் தண்ணீர் டாங்கியேதான். அவ்வளவு உண்மை!

“கதைண்ணே” என்றேன். “சிறுத்தை வந்துருச்சுன்னு லயத்தையே ஓட விட்டவதான நீ? ஒன் கதையெல்லாம் எனக்குத் தெரியும்டி” என்கிறார். பள்ளிக்கூடம் நின்றுவிட்டது. ஞாயிறு திரும்பும்போது, ஹோட்டலில் துணி துவைக்க என்னையும் கூட்டிப்போவாராம். முழுக் கதையும் உன் போனில்தானே இருக்கிறது? வந்து காட்டடி. கடிதத்தை, இங்கிருந்து பள்ளிக்கு வரும் ஜெயந்தினியிடம் கொடுத்தனுப்புகிறேன்.

சிரிப்பு வராத,
மதுஷா

பதுளை,
வியாழன், 17.07.2025

அன்பின் மதுஷா,

வகுப்பிலேயே வாசித்தேன். ஆனால் வர முடியாது. நான் காதல் கதை எழுதுவது அப்பாவுக்குத் தெரியாது. அரசாங்க அலுவலகமான கச்சேரியில் எல்லோரும் மதிக்கிற மனிதர்.

கதையில் வரும் மெசேஜ் கதை மாதிரியே இருக்கட்டும் என்று அப்போதே சொன்னேன். ‘என் இதயத்தின் இளவேனிலே, உன் மௌனம் என்னை வாட்டுகிறது’ என்று நான் எழுதியதற்கு, “இவன் மெசேஜ் அனுப்புறானா, கச்சேரிக்கு மனு அனுப்புறானா?” என்று சிரித்தாய். இப்போது பார்.

அண்ணாவிடம் நீயே எடுத்துச் சொல். என் பெயர் மட்டும் வேண்டாம்.

தர்மிளா

நமுனுகுல,
வெள்ளி, 18.07.2025

தர்மிளா,

நேற்று அண்ணன் சந்திக் கடைக்குப் போய், மெசேஜ் அனுப்பியவர் அவர்தான் என்று சுரேஸ் அண்ணனின் சட்டையைப் பிடித்துவிட்டார். புதிதாகக் கல்யாணமானவர். அவர் மனைவி எங்கள் வாசலில் வந்து நின்று, “உண்மையச் சொல்லு தங்கச்சி” என்று மட்டும் கேட்டார். சொன்னேன். நம்பவில்லை. அம்மா காலையில் வேலைக்குப் பெயர் கொடுக்கும் பெரட்டுக்குத் தலை குனிந்து போகிறார். என் துணிகளைப் பையில் வைத்தாகிவிட்டது.

உன் பெயரை நான் சொல்லவில்லை. சொல்லவும் மாட்டேன். கதையை அழிப்பதானால் அழித்துக்கொள்.

மதுஷா

பதுளை,
சனி, 19.07.2025

மது,

அப்பாவிடம் சொல்லிவிட்டேன். போனை வாங்கி, எழுந்திருக்காமல் வாசித்தார். “இதெல்லாம் நீயே எழுதினனீ?” என்றார். தலையாட்டினேன். பிறகு, “அந்தப் பிள்ளையின்ர படிப்பெல்லோ நிக்கப் போகுது” என்று எழுந்தார்.

ஜெயந்தினி டியூசன் முடிந்து புறப்படுகிறாள், அவசரமாக எழுதுகிறேன். நாளை முதல் பஸ்ஸில் வருகிறோம். அண்ணாவைப் போகவிடாதே.

தர்மி

நமுனுகுல,
திங்கள், 21.07.2025

அடியே தர்மி,

நேற்று உன் போனை அண்ணன் வாசித்தபோது எனக்கு மூச்சே இல்லை. நான் எழுதிய இடம் வரவர அவர் முகம் கறுத்ததைப் பார்த்தாய்தானே? பிறகு உன் இளவேனில் வந்தது. “எந்தப் பயடி இப்டி மெசேஜ் அனுப்புவான்? இது கததான்” என்றபோது உன் அப்பாவின் மீசைகூட ஆடியது!

நீங்கள் போனபின் அண்ணன் தனியாகச் சந்திக்குப் போனார். சுரேஸ் அண்ணன் தேத்தண்ணீர் கொடுத்தாராம். அவர் மனைவி மட்டும் இன்னும் என் முகம் பார்ப்பதில்லை. அண்ணன் போனைத் தந்துவிட்டு, தனியாகவே பஸ் ஏறினார். அம்மா பையைப் பிரித்து என் துணிகளை மடித்து வைத்தார்.

உன் போனை ஏ.எல். பரீட்சை முடியும்வரை அப்பா பூட்டி வைத்துவிட்டாராமே, ஜெயந்தினி சொன்னாள். அடுத்த அத்தியாயத்தைக் காகிதத்தில் எழுதி அனுப்பு. இளவேனிலோடு கார்காலத்தையும் சேர்த்துப் போடு, ஒரு சொல்லையும் வெட்ட மாட்டேன். ஒன்று மட்டும் கேட்கிறேன். பூவிழி அவனை அவன் சொந்தப் பெயரிலேயே போனில் பதிந்து வைக்கட்டும். பிடிபட்டால் படட்டும்.

உன்,
மது