ஓட்டைப் பார்த்துக்கோ என்றாய்

என் உயிரான நைனாவுக்கு,

நீ போன நாளிலிருந்து வாயை மூடிக்கொண்டிருந்தேன். இனி முடியாது. பழவேற்காட்டில் எல்லோரும் பேசி முடித்துவிட்டார்கள், நான் ஒருவன்தான் பேசவில்லை.

உன் ஆமைக்குத் தம்பி கீல் பூசிவிட்டான். ஆமாம், படகுக்குப் பூசுகிற அதே கறுப்புக் கீல்.

"ஓட்டப் பாத்துக்கடா." படுக்கையில் நீ கடைசியாகச் சொன்னது எங்கள் இருவர் காதிலும் விழுந்தது. கப்பல் கப்பித்தானைப் போல் கழுத்தை நீட்டி அதிகாரமாகப் பார்க்கிறது என்று, கப்பித்தான் எனப் பெயர் வைத்து வளர்த்தாயே, அதன் முதுகு ஓட்டில் ஓரிடம் வெள்ளை பூத்து மெத்தென்று அழுகியிருந்தது. அதைத்தான் சொன்னாய் என்று எனக்குப் புரிந்தது. காரியமெல்லாம் முடிந்து ஒல்லாந்தர் கோட்டையில் என் எழுத்து வேலைக்குப் போன முதல் நாள், மாலையில் திரும்பி வந்தால் கப்பித்தான் கரிச்சட்டிபோல் உட்கார்ந்திருக்கிறது.

"இன்னாடா இது?"

"நைனா ஓட்டய அடைக்கச் சொல்லிச்சேண்ணே. அடைச்சிட்டேன். இனிமே ஒரு சொட்டுத் தண்ணி எறங்காது, பாரு."

ஓடு என்ன படகுப் பலகையா நைனா? அது உயிருள்ள உடம்பு. சரி, படகு என்றே வைத்துக்கொள்வோம். ஈரப் பலகையில் எவனாவது கீல் பூசுவானா? கரையேற்றி, காயவைத்து, பிறகுதானே கீல்? உன்னிடம் படகுத் தொழில் கற்றவன் அழுகலை உள்ளே வைத்து மூடியிருக்கிறான். சிறு வயதிலிருந்து எல்லாவற்றையும் அப்படித்தான் மூடுகிறான். நீ அதைச் சாமர்த்தியம் என்பாய். அதையும் நான் மறக்கவில்லை.

நல்லெண்ணெய்த் துணியால் ஐந்து நாள் கீலை இளக்கி இளக்கித் துடைத்தெடுத்தேன். நாற்றம் தாங்கவில்லை. உப்புத் தண்ணீரில் கழுவி மஞ்சள் வைத்தேன். தின்னவும் குடிக்கவும் மட்டும் தொட்டித் தண்ணீரில் இறக்கினேன், மற்ற நேரமெல்லாம் காய்ந்த மணல்தான்.

தெருவே வேலியோரம் கூடிவிட்டது. "கோட்டை ஐயா ஆமைக்கு எண்ணெ தேச்சி வுடறாரு. சீயக்கா எப்போ?" என்றாள் மீன்காரி எல்லம்மா. "இத்த ஊட்ல வெச்சிதான் உங்க நைனா போச்சு. ஏரில வீசு" என்றார்கள், நீ இருமிக் கிடந்தபோது எட்டிப் பார்க்காதவர்கள். ஏரி உப்பில் குளத்து ஆமை எத்தனை நாள் பிழைக்கும் என்று கேட்டேன். தம்பியும் அவர்களோடுதான் நின்றான்.

நேற்று அந்த இடத்தைத் தட்டிப் பார்த்தேன். கெட்டியாக டக்கென்றது. இறால் கொடுத்தால் என் விரலையும் சேர்த்துக் கவ்வுகிறது. நீ இருந்திருந்தால் எவ்வளவு சிரித்திருப்பாய்?

நான் இருக்கும்வரை கப்பித்தான்மேல் ஒருவன் கையும் படாது. இது சத்தியம்.

ஒல்லாந்தர் உத்தரவுகள் ஒட்டும் சுங்கச்சாவடிக் கதவில் இதை ஒட்டப்போகிறேன். தம்பிக்குப் படிக்கத் தெரியாது, யாராவது படித்துச் சொல்வார்கள். இந்த முறையாவது 'ஓட்டை' என்பது அவன் காதில் சரியாக விழட்டும். கீழே பெயர் போடமாட்டேன். மன்னிப்புக் கேட்க வேண்டியவன் முதலில் தன் பெயரைச் சொல்லட்டும்.

உன் மூத்த மகன்