டெவீட்டா மேல் வைத்த காவல்

அக்டோபர் 6, திங்கள்

பால் வண்டிகளுக்குப் பண்ணை வழி சொல்லும் எங்கள் கணினி நிரல் இன்று படுத்துவிட்டது. இன்வர்கார்கில் ஊர் மாடுகளெல்லாம் கறந்து தள்ளும் மாதத்தில். எடுத்த நினைவகத்தைத் திருப்பிக் கொடுக்காமல் வீங்கி வீங்கி விழுகிறது. கடைசியாக அதில் கைவைத்தவன் டோங்கா தீவுக்காரன் டெவீட்டா.

மேலாளர் காவின் வந்தார். "நோலீன், டெவீட்டாவோட ஒப்பந்தம் அடுத்த வெள்ளியோட முடியுது. வச்சுக்கலாமான்னு நீதான் சொல்லணும்."

தீர்ப்பு சொல்லும் வேலை எனக்குப் புதிது. மறுக்கவில்லை.

அக்டோபர் 7

நிரலைச் சாய்த்தவர் எல்லாருக்கும் சீஸ் ரோல் (சீஸும் வெங்காயமும் வைத்துச் சுருட்டிச் சுட்ட ரொட்டி) செய்து வர வேண்டும் என்பது எங்கள் அலுவலகச் சட்டம். யாரும் கேட்பதற்கு முன்பே டெவீட்டா தட்டோடு வந்து நின்றான்.

"தப்பு என்னுதுதான். ஒழுகலை நேத்தே அடைச்சுட்டேன், நோலீன்." சிரித்தான்.

அடைத்தவன் எதற்குச் சிரிக்க வேண்டும்?

அக்டோபர் 8

நினைவக வரைபடத்தில் கோடு ஏறவில்லை. மறைக்கத் தெரிந்தவன்.

நினைவகத்தை மொத்தமாகப் படமெடுத்தால் உண்மை தெரியும். ஆனால் எடுத்து முடிக்கும்வரை நிரல் உறைந்துவிடும், ஓட்டுநர்கள் கத்துவார்கள். ஆகவே சின்னதாக ஒரு காவல் எழுதி உள்ளே வைத்தேன். டெவீட்டாவின் பகுதி உருவாக்கும் ஒவ்வொரு வண்டிப் பயணப் பதிவையும் அது பிடித்து வைத்துக்கொள்ளும். யாருக்கும் சொல்லவில்லை. சொன்னால் அது காவலா?

அக்டோபர் 9

ஏறுகிறது. எனக்குத் தெரியும்.

அக்டோபர் 10

காலைத் தேநீர் நேரத்தில் டெவீட்டா கைபேசியோடு வெளியே போனான். பால் வண்டி ஓட்டும் மச்சானோடு டோங்க மொழியில் பேச்சு. சன்னலோரம் போய்ச் செடிக்குத் தண்ணீர் ஊற்றினேன். (பிளாஸ்டிக் செடி.) ஒரே ஒரு சொல்தான் புரிந்தது: என் பெயர்.

அக்டோபர் 13, திங்கள்

நிரல் சனிக்கிழமை விழுந்தது, நேற்றும் விழுந்தது. ஒரு பண்ணைக்கு வண்டியே போகவில்லை, பாலைக் கொட்டிவிட்டார்கள். பண்ணைக்காரி பெவ் தொலைபேசியில்: "ஏம்மா, அந்தக் கம்ப்யூட்டரை வித்துட்டு ஒரு நாய் வாங்குங்க. அதுக்காவது எங்க வீட்டு வழி தெரியும்."

காவலை அவன் எழுதிய எல்லாப் பகுதிகளுக்கும் விரித்தேன்.

அக்டோபர் 14

முன்னைவிட வேகமாக ஏறுகிறது. உஷாராகிவிட்டான் போல. காவினுக்கு எழுதத் தொடங்கினேன்: "திறமை உண்டு. நம்பகம் —" மீதியை யோசிக்கிறேன்.

அக்டோபர் 15

டெவீட்டா என் மேசைக்கு வந்தான். "பத்து மணிக்கு டிரைவருங்க எல்லாரும் வண்டியை ஓரங்கட்டிட்டு டீ குடிக்கப் போறாங்க. நோலீன் பாவம், ராப்பகலா இதையே பாக்குறாங்கன்னு மச்சான்கிட்ட சொல்லியிருந்தேன். எல்லார்கிட்டயும் பேசிட்டான். அதுக்குள்ள நினைவகத்தைப் படம் எடுத்துடலாம்."

எடுத்தோம். எதுவும் பிடித்துக்கொண்டிராத பதிவுகளை நிரல் தானாகவே குப்பைபோலப் பெருக்கித் தள்ளிவிடும். முடிந்துபோன பயணங்கள் அத்தனையும் தள்ளப்படாமல் குவிந்து கிடந்தன. ஒன்று பிடித்துக்கொண்டிருந்தது. அதன் பெயர் திரையில் பெரிதாகத் தெரிந்தது: டெவீட்டா_காவல். பெயர் வைப்பதில் நான் எப்போதும் தெளிவு.

"இது யாரு வச்சது?"

"நான்தான்."

"எப்போ?"

"போன புதன்கிழமை. நீ அடைச்சதுக்கு அப்புறம்."

தலையாட்டிவிட்டு இடத்துக்குப் போனான். அதன்பின் சிரிக்கவில்லை. சிரித்திருக்கலாம் — ஏன் சிரிக்கவில்லை? இதை என்னைத் தவிர வேறு யார் கேட்பார்கள்!

அக்டோபர் 16

காவலை எடுத்தேன். வரைபடம் மேசைபோலத் தட்டை.

காவினிடம் போய்ச் சொன்னேன். "அப்போ பெவ் பாலைக் கொட்ட வச்சது நீயா?"

"ஆமா. அவனை வச்சுக்குங்க, காவின்."

"வச்சுக்கறேன். இனிமே நீ உள்ள எதை வச்சாலும் அவன் பாத்து ஒத்துக்கிட்ட பிறகுதான்."

அக்டோபர் 17, வெள்ளி

நான் செய்த சீஸ் ரோல், காலையில் முதலில் பெவ் வீட்டுக்கு ஒரு தட்டு. பிறகு ஓட்டுநர்களுக்கு. கடைசியாக அலுவலகம். டெவீட்டா புது ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டு வந்து ஒரு ரோலை எடுத்தான். நெடுநேரம் மென்றான்.

"வெங்காயம் பத்தலை, நோலீன்."

சிரித்தான். எதற்கென்று நான் யோசிக்கவில்லை.